படம் யாருக்கு? பனியன் முதல் பம்ப் வரை, விற்பனைப் படங்களைத் தேர்ந்தெடுக்கும் விதம்

"ஒரு போட்டோவுக்கு எத்தனைங்க ஆகும்?"

திருப்பூரிலோ கோவையிலோ விற்பனைப் படம் எடுக்கும் ஸ்டுடியோவுக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். விவரம் தெரிந்த போட்டோகிராபர் உடனே விலை சொல்ல மாட்டார். "என்ன பொருளுங்க? யாருக்குக் காட்டப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்பார். இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் பேசி முடிக்கிற விலை, எதற்கான விலை என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாத ஒருவருக்கு ஒரு சந்தேகம் இருக்கும். அதைத் தீர்ப்பதுதான் விற்பனைப் படத்தின் வேலை. பனியன் வாங்குபவருக்கு நிறமும் துணியின் கனமும் சந்தேகம். பம்ப் வாங்கும் டீலருக்கு, பைப் எந்தப் பக்கம் மாட்டும், உள்ளே இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) எதில் செய்தது என்று சந்தேகம். கரூர் பெட்ஷீட்டைப் பார்க்கும் வெளிநாட்டுக்காரருக்கு அது தன் நாட்டுப் படுக்கையறையில் எப்படி இருக்கும் என்ற சந்தேகம். சந்தேகம் மாறினால் படம் எடுக்கும் முறை மாறும், கருவி மாறும், செலவும் மாறும். கேமரா எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அப்புறம்தான்.

எங்கே பார்க்கப் போகிறார்கள் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். அமேசானில் போடுவதாக இருந்தால் விதிகள் எழுதியே வைத்திருக்கிறார்கள். முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக, ஆர்ஜிபி கணக்கில் 255, 255, 255 ஆக இருக்க வேண்டும். பொருள் படத்தில் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். பெரிதாக்கிப் பார்க்க, நீளமான பக்கம் 1000 பிக்சலாவது வேண்டும். இதே வெள்ளைப் பின்னணிப் படத்தைப் பெட்ஷீட் லுக்புக்கில் (அறை அலங்காரத்தோடு எடுத்த படங்களின் தொகுப்பில்) போட்டால் மருத்துவமனை விரிப்பு மாதிரிதான் இருக்கும். அச்சுக்குப் போவதாக இருந்தால் கணக்கே வேறு. ஏ4 தாள் முழுவதும் ஒரே படம் என்றால், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 2480 × 3508 பிக்சல் வேண்டும். இணையத்துக்காக எடுத்த 1000 பிக்சல் படத்தை அதில் இழுத்துப் போட்டால் தையல் விளிம்பெல்லாம் மங்கிப் போகும். எடுக்கும்போதே பெரிதாக எடுத்துவிட்டால் பிறகு சிறிதாக்கிக்கொள்ளலாம். சிறிதை உண்மையாகப் பெரிதாக்க வழியில்லை.

நிறம் என்கிற தலைவலி

திருப்பூர்க்காரர்களுக்கு ஷேடு பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சாயப்பட்டறையிலிருந்து லேப் டிப், அதாவது சாயம் ஏற்றிய மாதிரித் துண்டு வரும். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் அதை லைட் பாக்ஸுக்குள் வைத்து டி65 என்ற பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, டிஎல்84 என்ற கடை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பார். ஒரு விளக்கில் ஒத்துப்போன இரண்டு துண்டுகள் இன்னொரு விளக்கில் தனித்தனியாகத் தெரியும். இதை மெட்டாமெரிசம் என்பார்கள். துணிக்கு இவ்வளவு கவனம் எடுக்கும் அதே கம்பெனியில், படம் எடுக்கும்போது மட்டும் பேக்கிங் மேஜைமேல் டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்துச் செல்போனில் எடுத்து அனுப்புவார்கள். நேவி ப்ளூ கறுப்பாகத் தெரியும், மெரூன் பழுப்பாகத் தெரியும். பையர் (ஆர்டர் கொடுப்பவர்) "ஷேடு மாறியிருக்கே" என்று மெயில் போடுவார். துணியில் ஒரு தப்பும் இருக்காது.

பொருளின் நிறம் பார்ப்பவரின் கண்ணுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான்கு இடங்களில் மாறலாம்: வெளிச்சம், கேமரா, எடிட்டிங் செய்பவரின் மானிட்டர், கடைசியாகப் பார்ப்பவரின் திரை. கடைசி ஒன்று நம் கையில் இல்லை. முதல் மூன்றும் இருக்கின்றன. அதனால் ஸ்டுடியோவிடம் கேட்க வேண்டியவை இவைதான்: விளக்கின் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) எவ்வளவு? 95-க்கு மேல் இருந்தால் துணி நிறத்துக்குச் சரி. முதல் ஷாட்டில் 24 கட்டம் உள்ள கலர் செக்கர் அட்டையை வைத்து எடுக்கிறார்களா? எடிட்டிங் மானிட்டரைக் கருவி வைத்து கேலிபரேட் (நிறத்தை அளந்து சரிசெய்தல்) செய்கிறார்களா? மூன்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் நிறத்தை நம்பி ஒப்படைக்கலாம். "அதெல்லாம் போட்டோஷாப்ல சரி பண்ணிக்கலாமுங்க" என்று பதில் வந்தால், வேறு இடமும் விசாரித்து வைப்பது நல்லது.

இவ்வளவு செய்தாலும் படத்தை வைத்து ஷேடு அப்ரூவல் வாங்க நினைக்காதீர்கள். அதற்குத் துணித்துண்டுதான் போக வேண்டும். படம் அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவே.

சில நிறங்கள் எவ்வளவு நல்ல கேமராவுக்கும் பிடிபடாது. ஸ்போர்ட்ஸ் டீ-ஷர்ட்டில் வரும் நியான் பச்சையும் நியான் ஆரஞ்சும் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை உறிஞ்சி வேறு நிறமாகத் திருப்பி உமிழ்கிற சாயங்கள். சாதாரணத் திரையின் எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைக்குள் அவை அடங்காது. நான்கு மையில் அடிக்கும் கேட்லாக்கில் இன்னும் மோசம். இதை முன்கூட்டியே பையரிடம் சொல்லிவிட்டால் பின்னால் தகராறு இருக்காது. திரையில் பளிச்சென்று தெரியும் ராயல் ப்ளூவும் அச்சில் கொஞ்சம் மங்கித்தான் வரும். சிவகாசிக்கு அச்சுக்கு அனுப்பும் முன் சிஎம்ஒய்கே (அந்த நான்கு மை) புரூஃப் ஒன்று தாளில் அடித்து வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

துணியில் இன்னொரு தொல்லை, மெல்லிய கோடுகள். பொடி ரிப், நெருக்கமான கட்டம், கைத்தறிக் கோடு ஆகியவற்றை எடுக்கும்போது துணியில் இல்லாத அலை அலையான வளையங்கள் படத்தில் ஓடும். துணியின் இழைகளும் கேமரா சென்சாரின் புள்ளிகளும் ஒன்றோடொன்று மோதி உண்டாகும் கோலம் அது. மொய்ரே என்று பெயர். கேமராவைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினாலோ லேசாகத் திருப்பினாலோ பெரும்பாலும் போய்விடும். ஆனால் எடுக்கிற இடத்திலேயே 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால்தான் அது இருப்பதே தெரியும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மறுபடியும் ஷூட்டிங்தான்.

பவானி ஜமுக்காளத்துக்குக் கோடு வேறு விதத்தில் படுத்தும். அகலமான பட்டைக் கோடுகள் நேராக இருப்பதுதான் அதற்கு அழகு. செல்போனின் வைட் லென்ஸை வைத்துக் கிட்டே நின்று எடுத்தால் ஓரக் கோடுகள் வில்லாக வளையும். நெசவே கோணல் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். மாடியிலிருந்து, இரண்டு அல்லது மூன்று மடங்கு ஜூம் லென்ஸில், நேர் கீழ்நோக்கி எடுத்தால் கோடு கோடாக இருக்கும்.

பளபளப்பு என்கிற இன்னொரு தலைவலி

கோவைப் பக்கம் வந்தால் பிரச்சினையே வேறு. வெட் கிரைண்டரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிரம், பம்பின் மெருகேற்றிய ஷாஃப்ட் எல்லாம் வளைந்த கண்ணாடி மாதிரி. எதிரே இருப்பதையெல்லாம் காட்டிவிடும். கூர்ந்து பார்த்தால் போட்டோகிராபர், டிரைபாடு, டீ கொண்டுவந்த பையன் வரைக்கும் டிரம்மில் நிற்பார்கள்.

புதிதாக எடுப்பவர்கள் பொருளை வெள்ளைக் கூடாரத்துக்குள் வைத்துச் சுற்றிலும் ஒளி கொடுப்பார்கள். பிரதிபலிப்பு போய்விடும், கூடவே உருவமும் போய்விடும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளையாகத் தெரியும் ஸ்டீலுக்கு விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. அனுபவப்பட்டவர் என்ன செய்வார் என்றால், அதே கூடாரத்துக்குள் பொருளின் இரண்டு பக்கமும் படத்தில் விழாத இடத்தில் கறுப்பு அட்டைப் பட்டைகளை நிறுத்துவார். அந்தக் கறுப்பு, டிரம்மின் ஓரத்தில் மெல்லிய கோடாகப் பிரதிபலிக்கும். உடனே உருளை உருளையாகத் தெரியும். பத்து ரூபாய் சார்ட் பேப்பர் செய்கிற வேலை இது, ஆனால் எங்கே நிறுத்துவது என்பதில்தான் தொழில் இருக்கிறது.

ஆகவே ஸ்டுடியோவைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உங்களிடம் இருப்பதிலேயே கஷ்டமான பொருளை முதலில் கொடுங்கள். பனியன் கம்பெனி என்றால் ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு, ஒரு நியான். கிரைண்டர் கம்பெனி என்றால் பளபளப்பான ஸ்டீல் மாடல். ஆல்பத்தில் இருக்கும் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஆல்பத்தில் எல்லாரும் நல்லதைத்தான் வைப்பார்கள். டிரையலுக்குக் காசு கொடுத்தே எடுக்கச் சொல்லுங்கள். இலவச டிரையலில் இலவசத்துக்கான உழைப்புதான் வரும்.

ஈரோட்டு மஞ்சள் வியாபாரத்தில் படத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. விரலியா கிழங்கா, உடைத்த உள்பக்கம் எப்படி, பாலிஷ் எந்த அளவு என்பதைப் படம் சொல்லும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சத்து எவ்வளவு என்று சொல்லாது. வெள்ளைச் சமநிலை (வெள்ளையை வெள்ளையாகக் காட்ட கேமராவில் வைக்கும் அமைப்பு) கொஞ்சம் நகர்ந்தாலே சாதா மஞ்சள் செம்மஞ்சளாகிவிடும் என்பதால் அனுபவமுள்ள வாங்குபவர் படத்து நிறத்தை நம்பவும் மாட்டார். ஆய்வக அறிக்கையைப் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

நாமக்கல் லாரி பாடி, திருச்செங்கோடு ரிக் வண்டி போன்ற பெரிய சாமான்களுக்குப் படத்தைவிட வீடியோதான் பேசும். ரிக் ஓடும்போது காட்டுங்கள். டிரோன் வைத்து எடுப்பதாக இருந்தால் 2021 டிரோன் விதிகளின்படி இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கோவையில் பீளமேட்டில் விமான நிலையமும் சூலூரில் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. "சும்மா ரெண்டு நிமிஷம் பறக்க விடலாமுங்க" என்பவரை நம்பி இறங்காதீர்கள்.

படம் எடுக்காமலே படம்

3டி ரெண்டரிங் என்ற சொல்லைக் கேட்டதும் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பம்பை சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருளில் வரைந்து வைத்திருக்கும் டிசைன் துறை இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்த மாடலுக்கு வார்ப்பிரும்பு, ஸ்டீல், பெயின்ட் என்று மேற்பரப்பு கொடுத்து, கம்ப்யூட்டருக்குள்ளேயே விளக்கு வைத்துப் படம் உருவாக்குகிறார்கள். பம்பைக் குறுக்கே வெட்டி உள்ளே இருக்கும் இம்பெல்லரைக் காட்டலாம். உண்மையான பம்பை அறுத்துப் படமெடுப்பதைவிட இது சுலபம். பவுண்டரியிலிருந்து முதல் காஸ்டிங் வருவதற்கு முன்பே கேட்லாக் தயாராகிவிடும்.

எது லாபம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. போட்டோவில் ஒவ்வொரு படத்துக்கும் ஏறக்குறைய ஒரே உழைப்பு. ரெண்டரிங்கில் முதல் படத்துக்குத்தான் உழைப்பெல்லாம், அதற்கப்புறம் நிறம் மாற்றுவதும் கோணம் மாற்றுவதும் சல்லிசு. ஒரே டிசைனில் பல நிறம் போடும் கரூர் பெட்ஷீட்காரருக்கும் ஒரே உருவத்தில் பல அளவு போடும் மோட்டார் கம்பெனிக்கும் 3டி கட்டுப்படியாகும். வாராவாரம் ஸ்டைல் மாறும் உள்ளூர் பனியன் வியாபாரிக்குக் கட்டுப்படியாகாது. ஆடைக்கு சிஎல்ஓ 3டி, பிரவுஸ்வேர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. பேட்டர்ன் கோப்போடு துணியின் எடை, இழுவை, மடிப்பு ஆகியவற்றை அளந்து கொடுத்தால் அது உடம்பில் எப்படி விழும் என்று காட்டும். அளவுகளைச் சரியாகக் கொடுக்காவிட்டால் சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பனியன் துணி தார்ப்பாய் மாதிரி விறைத்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. ரெண்டரிங் செய்பவருக்கு டிசைன் துறையின் முழுக் கோப்பையும் அப்படியே அனுப்பாதீர்கள். வெளியே தெரியும் உருவம் மட்டும் இருக்கும்படி எளிமையாக்கி, ஸ்டெப் (பல 3டி மென்பொருள்களிலும் திறக்கும் வகை) கோப்பாக மாற்றிக் கொடுத்தால் போதும். உள் அளவுகளும் டாலரன்ஸும் (அளவில் அனுமதிக்கும் கூடுதல் குறைவு) அவருக்குத் தேவையில்லை. கூடவே ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வைத்து மாடலுக்கு உங்கள் பனியனைப் போட்டுக் காட்டும் செயலிகளும் வந்துவிட்டன. பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் காலர் ரிப்பை அதுவாக அகலப்படுத்தும், பாக்கெட் தையலை விட்டுவிடும், பிரின்டில் ஒரு எழுத்தை மாற்றிவிடும். விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்திருக்க வேண்டும் என்பது 2020-ன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில் விற்பவர் மேல் வைத்திருக்கும் பொறுப்பு. பின்னணி மாற்ற, நிழல் போட, சமூக ஊடகப் பதிவுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பொருளையே அது வரையும்படி விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாமே எடுப்பதா, வெளியே கொடுப்பதா

இரண்டும்தான். பையருக்குத் தினமும் போகும் சாம்பிள் படம், டீலர் வாட்ஸ்அப் குரூப்பில் போடும் புதுவரவு ஆகியவற்றுக்காக ஸ்டுடியோவுக்கு ஓட முடியாது. சாம்பிள் அறையில் ஒரு மூலையை ஒதுக்குங்கள். நல்ல சிஆர்ஐ உள்ள எல்இடி பேனல் இரண்டு, சாம்பல் நிறப் பின்னணி, செல்போனுக்கு ஸ்டாண்டு. விளக்கும் ஸ்டாண்டும் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டி வைத்துவிட்டால் யார் எடுத்தாலும் படம் ஒரே மாதிரி வரும். அந்த மூலையில் டியூப்லைட்டையும் ஜன்னல் வெளிச்சத்தையும் சேர்க்காதீர்கள். போன் ஒவ்வொரு படத்துக்கும் நிறத்தைத் தானாக மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் வெள்ளைச் சமநிலையை ஒருமுறை வைத்துப் பூட்டிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் செயலி படத்தை அமுக்கித் தரத்தைக் குறைத்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

கேட்லாக், ஆன்லைன் விற்பனை, கண்காட்சி பேனர் எல்லாம் வெளியே கொடுக்க வேண்டிய வேலை.

கொட்டேஷன் வாங்கும்போது மூன்று பேரின் விலையை வரிசையாக வைத்துக் குறைந்ததைத் தொடுவதற்கு முன், மூவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒருவர் படத்துக்கு விலை சொல்லியிருப்பார், இன்னொருவர் பொருளுக்கு. பொருளுக்கு எத்தனை கோணம்? எடிட்டிங்கில் எத்தனை முறை திருத்தம் கேட்கலாம்? கோஸ்ட் மேனக்வின் முறை சேர்த்தா? (பொம்மைக்கு மாட்டி எடுத்து, பிறகு பொம்மையை அழித்துவிட்டு, கழுத்தின் உள்பக்கத்தைத் தனியாக எடுத்து ஒட்டுவது. ஆடை காற்றில் தானாக நிற்பது போலத் தெரியும். ஒரு படத்துக்கு இரண்டு படத்தின் வேலை.) முக்கியமாக, அயர்ன் யார் செய்வது? பலரும் கேட்க மறப்பது இதுதான். பார்சலில் கசங்கி வந்த ஐம்பது டீ-ஷர்ட்டுக்கு ஸ்டீம் போடவே அரை நாள் போய்விடும். ஸ்டுடியோவில் அதற்கு ஆள் இல்லையென்றால் உங்கள் அயர்ன் மாஸ்டரை ஒரு நாள் கூட அனுப்புங்கள், சுருக்கத்தை எடிட்டிங்கில் எடுப்பதைவிட மலிவு.

படம் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுத்தில் வையுங்கள். 1957-ன் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். ஆனால் பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரியே அந்த வேறு ஒப்பந்தமாகிவிடலாம். மாடல் வைத்து எடுத்தால் அவருடைய சம்மதம் எந்த நாட்டுக்கு, எத்தனை ஆண்டுக்கு, பேனருக்கா இணையத்துக்கா என்று தனியாக எழுத வேண்டும். இதில்தான் பிற்பாடு சண்டை வரும்.

காட்டும் கருவி

படம் நன்றாக வந்தும் காட்டும் இடத்தில் கெட்டுப்போவது உண்டு. மீட்டிங் அறையில் புரொஜெக்டரைப் போட்டு நேவி ப்ளூ கலெக்‌ஷனைக் காட்டினால் சாம்பல் கலெக்‌ஷனாகத் தெரியும். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. கறுப்பு என்று தெரிவது ஒளி விழாத திரைதான். அறை விளக்கு எரிந்தால் அந்தத் திரையே வெளுத்துவிடும். ஆழ்ந்த நிறமும் துணியின் நெசவும் தெரிய வேண்டுமென்றால், ஏழெட்டு பேர் உட்காரும் அறைக்கு நல்ல டிவி போதும். ஸ்லைடுக்கு ஒரு படம், ஸ்டைல் நம்பர், துணி, ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), அவ்வளவு போதும். பவர்பாயின்டா கேன்வாவா என்பது பெரிய கேள்வியே இல்லை. கடைசியில் பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொண்டால் போகிற இடத்தில் எழுத்துரு உடையாது.

கோவை கொடிசியா கண்காட்சி வளாகத்தில் ஸ்டால் போட்டு எல்இடி வால் வாடகைக்கு எடுப்பவர்கள் பிக்சல் பிட்ச் கேட்க வேண்டும். இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் அது, மில்லிமீட்டரில். பிட்ச் எத்தனை மில்லிமீட்டரோ ஏறக்குறைய அத்தனை மீட்டராவது தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. மூன்று மீட்டர் ஆழமுள்ள சின்ன ஸ்டாலில் பி3.9 (3.9 மில்லிமீட்டர் பிட்ச்) வால் வைத்தால் உள்ளே வருபவருக்குப் புள்ளிதான் தெரியும், பம்ப் தெரியாது. நடைபாதையில் போகிறவரை இழுக்க மட்டும் என்றால் அதுவே போதும்.

360 டிகிரி சுற்றிப் பார்க்கும் படம் கேட்டால் எத்தனை பிரேம் என்று கேளுங்கள். 36 என்றால் பத்து டிகிரிக்கு ஒன்று, சுழற்சி வழுவழுப்பாக இருக்கும். பம்ப், மோட்டார், வெள்ளிக் கொலுசு இவற்றுக்கு இது உபயோகம். பெட்ஷீட்டைச் சுற்றிப் பார்த்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஜனவரியில் பிராங்க்பர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போகும் கரூர்காரர்களுக்கு இது தெரியும். அங்கே வருபவர் முதலில் துணியைக் கையால் நெரித்துத்தான் பார்ப்பார். அவர் ஊர் திரும்பிய பிறகு எது யாருடையது என்று நினைவுபடுத்தத்தான் படம் வேண்டும். அதற்கு அறை அலங்காரத்தோடு எடுத்த லுக்புக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டிய சின்னத் துணித்துண்டும் போதும்.

வேலை முடிந்து கோப்புகள் கைக்கு வரும்போது ஜேபெக் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். பின்னணி இல்லாத பிஎன்ஜி, அச்சுக்குரிய டிஃப், முடிந்தால் ரா கோப்பு (கேமராவின் மூலப் பதிவு) எல்லாம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் வேண்டும், இதையும் கொட்டேஷனிலேயே எழுதியிருக்க வேண்டும். கோப்பின் பெயர் கேமரா கொடுத்த எண்ணாக இருக்கக் கூடாது. ஸ்டைல் நம்பர், நிறம், கோணம் என்ற வரிசையில் பெயர் மாற்றித் தரச் சொல்லுங்கள். அடுத்த சீசனில் பையர் அதே ஸ்டைலை ரிப்பீட் ஆர்டர் கேட்டுப் படம் வேண்டும் என்று இரவு பத்து மணிக்கு மெசேஜ் போடும்போது, ஆபீஸில் இருக்கும் பையன் அந்த நம்பரை அடித்துத் தேடி உடனே அனுப்பிவிடுவான்.